டர்பன் வீட்டில் ரை விஸ்கி மன்ஹாட்டன்: முதல் முறை கலக்குபவர்களுக்கு

மன்ஹாட்டன் காக்டெயிலுக்கு மூன்றே சரக்கு: ரை விஸ்கி, சிவப்பு இனிப்பு வெர்மூத், அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரம். நான்காவதை யாரும் கடையில் கேட்டு வாங்குவதில்லை. ஐஸ் கரைந்து சேரும் தண்ணீர்தான் அது. கோப்பைக்கு வரும் பானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்தான். வீட்டில் கலக்கியது தொண்டையை எரித்தால் தண்ணீர் போதவில்லை; சப்பென்று இருந்தால் மிஞ்சிவிட்டது. விலை கூடிய விஸ்கியை வாங்கி இந்த இரண்டையும் சரிசெய்ய முடியாது. ஆகவே இங்கே விஸ்கியைவிட ஐஸைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

விஸ்கி வாங்கும்போது

ரை என்பது கோதுமை, பார்லிக்கு உறவான தானியம். சூப்பர் மார்க்கெட்டில் கறுப்பு நிறத்தில் விற்கும் ரை ரொட்டியைச் சாப்பிட்டிருந்தால் அந்த உறைப்பும் லேசான கசப்பும் தெரிந்திருக்கும். மக்காச்சோளத்தில் வடித்த போர்பனுக்கு வனிலா இனிப்பு உண்டு. ரைக்கு மிளகு வாசம். இனிப்பு வெர்மூத்தோடு சேரும்போது அந்த மிளகுதான் பானத்தைத் திகட்டாமல் பிடித்து நிறுத்துகிறது.

அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கியின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்றிருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஊறியது. கனடாவில் கதை வேறு. அங்கே 'ரை' என்று பெயர் போட, இவ்வளவு ரை தானியம் இருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. கனடா பாட்டிலில் மன்ஹாட்டன் கலக்கக் கூடாது என்றில்லை. சற்று மென்மையாக வரும், அவ்வளவுதான்.

சூப்பர் மார்க்கெட்டின் அலமாரியில் வைன்தான் கிடைக்கும். விஸ்கிக்கு பாட்டில் ஸ்டோர் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை நேரம் ஊருக்கு ஊர் மாறுவதால், விருந்து ஞாயிறு என்றால் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் விற்கும் விஸ்கியில் மதுச்சத்து 43 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பாட்டிலில் 40 என்று இருக்கலாம். கீழே உள்ள அளவுகள் 43க்கும் 45க்கும் பொருந்தும். 50 சதவீத மதுச்சத்துள்ள ரை கிடைத்தால் இன்னும் நல்லது. பத்து விநாடி கூடுதலாகக் கலக்கினால் போதும்.

ரை எங்குமே கிடைக்கவில்லையா? போர்பன் வாங்குங்கள். வெர்மூத்தை 25 மில்லியிலிருந்து 20 ஆகக் குறைத்து, பிட்டர்ஸை ஒரு சொட்டு கூட்டுங்கள். இந்த நாட்டின் வெலிங்டன் ஊரில் முழுக்க மக்காச்சோளத்தில் வடிக்கும் பெய்ன்ஸ் விஸ்கிக்கும் இதே திருத்தம்தான். ஸ்காட்ச் ஊற்றினால் கிடைப்பது ராப் ராய் என்ற வேறு பானம். நல்ல பானம்தான், ஆனால் இது அல்ல.

வெர்மூத்: அது வைன் என்பதை மறக்காதீர்கள்

கடையில் ஒரே பெயரில் மூன்று நிறப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். 'ரோஸ்ஸோ' என்று எழுதிய சிவப்பு இனிப்பு வகைதான் வேண்டும். 'பியாங்கோ' இனிப்புதான், ஆனால் வெள்ளை. 'எக்ஸ்ட்ரா ட்ரை' ஜின்னோடு சேரும் இனிப்பில்லாத வகை. அவசரத்தில் அதை எடுத்து வந்துவிட்டு, மன்ஹாட்டன் ஏன் காய்ச்சல் கஷாயம்போல் இருக்கிறது என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர்.

வெர்மூத் என்பது மூலிகை ஊறிய, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்த வைன். மதுச்சத்து சுமார் 15 சதவீதம். விஸ்கிபோல் வருடக்கணக்கில் அலமாரியில் நிற்காது. திறந்த நாளிலிருந்து காற்று வேலை செய்ய ஆரம்பித்துவிடும். டர்பனின் பிப்ரவரி வெக்கையில் சமையலறை அலமாரியில் வைத்தால் இரண்டு வாரத்திலேயே மணம் மங்கி, உலர்ந்த திராட்சையும் வினிகரும் கலந்த ஒரு நெடி வரும். மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். 375 மில்லி சின்னப் பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெரிய பாட்டில்தான் கிடைத்தது என்றால், திறந்த அன்றே பாதியைச் சுத்தமான சிறு பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்று இல்லாததால் அந்தப் பாதி பிழைத்துக்கொள்ளும்.

இங்கே நம் வீடுகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. புரட்டாசி விரதம் இருக்கும் வீட்டில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை யாரும் பாட்டிலைத் தொடப்போவதில்லை. ஆகஸ்ட் கடைசியில் புது வெர்மூத்தைத் திறந்தால் விரதம் முடியும்போது அது குழம்பில் ஊற்றத்தான் ஆகும். விரதம் முடிந்து திறங்கள்.

பிட்டர்ஸ்

அங்கோஸ்டுராவைத் தேடி அலைய வேண்டாம். லெமனேடும் சோடாவும் பாதிப்பாதி ஊற்றி மேலே பிட்டர்ஸ் சொட்டும் ராக் ஷாண்டி இந்த நாட்டில் எங்கும் குடிக்கிற பானம் என்பதால் அந்தப் பாட்டில் எளிதாகக் கிடைக்கும். லேபிள் பாட்டிலைவிடப் பெரிதாக, கழுத்தைத் தாண்டி நிற்கும். அச்சுப் பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அது அப்படித்தான்.

ஒரு 'டேஷ்' என்பது பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து ஒருமுறை உதறினால் விழும் அளவு. முக்கால் மில்லிக்குப் பக்கம். நிறைந்த பாட்டிலில் உதறினால் குறைவாக விழும், பாதி காலியானதில் அதிகமாக விழும். அதனால்தான் போன மாதம் சரியாக வந்த பானம் இந்த மாதம் கசக்கிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு டேஷுக்குப் பதில் கால் டீஸ்பூன் என்று அளந்துவிடுங்கள்.

ஐஸ்

வீட்டு ஐஸின் முதல் எதிரி அதே ஃபிரீசரில் இருக்கும் மீன். வஞ்சிரத் துண்டும் அரைத்த மசாலாவும் இருக்கும் ஃபிரீசரில் மூடாத தட்டில் மூன்று நாள் கிடந்த ஐஸ் அந்த வாசத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். காபியில் தெரியாது, விஸ்கியில் தெரியும். மூடியுள்ள சிலிக்கான் அச்சு வாங்குங்கள். அல்லது உறைந்ததும் கட்டிகளை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். பழைய கட்டிகளை ஒருமுறை வெறும் தண்ணீரில் கரைத்து மோந்து பாருங்கள். மீன் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது, ஈரம். ஃபிரீசரிலிருந்து நேராக எடுத்த கட்டி விரலில் ஒட்டும், மேலே வெண்பூச்சாக இருக்கும். அது காய்ந்த ஐஸ். பெட்ரோல் கராஜில் வாங்கும் 2 கிலோ பை வீடு வருவதற்குள் பளபளவென்று நனைந்திருக்கும். அந்த நீர் முழுதும் முதல் விநாடியிலேயே பானத்தில் சேர்ந்துவிடும், குளிர்ச்சி ஒன்றும் தராது. கராஜ் ஐஸ்தான் இருக்கிறதென்றால் ஃபிரீசரில் குறைந்தது மூன்று மணி நேரம் வைத்து, ஒட்டிய கட்டிகளைத் தட்டிப் பிரித்துப் பயன்படுத்துங்கள். லோட்ஷெடிங் மின்வெட்டில் பாதி கரைந்து மறுபடி உறைந்த கட்டிகளுக்கும் இதே நிலைதான். மின்சாரம் வந்ததும் உடனே எடுக்காதீர்கள்.

ஒரு கோப்பைக்குச் சுமார் 120 கிராம், அதாவது சாதாரணத் தட்டில் ஆறேழு கட்டி. ஐஸ் குறைவாகப் போட்டால் தண்ணீர் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இரண்டே கட்டி போட்டால் அவை முழுக்கக் கரைந்துபோகும், பானமும் குளிராது. நிறைய இருந்தால் பானம் சீக்கிரம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, அதன் பிறகு கரைவது மெதுவாகிவிடும்.

பாத்திரங்கள்

கடைகளில் விற்கும் காக்டெயில் செட் தேவையில்லை. அரை லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் சொம்பு அல்லது உயரமான டம்ளர் போதும். மெல்லிய எவர்சில்வர் உடனே குளிர்ந்துவிடும். தடித்த கண்ணாடி ஜாடியோ தன் சூட்டைத் தணிக்கவே கொஞ்சம் ஐஸைத் தின்றுவிடும். கண்ணாடிதான் உண்டு என்றால் ஃபிரீசரில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். நீளக் காம்புள்ள கரண்டி ஒன்று, டீ வடிகட்டி ஒன்று, காய்கறித் தோல் சீவும் பீலர் ஒன்று.

அளவு மட்டும் கண்ணால் வேண்டாம். இந்த நாட்டில் பாருக்கும் வீட்டுக்கும் விற்கும் டாட் அளவை ஒரு பக்கம் 25 மில்லி, மறுபக்கம் 50 மில்லி. நமக்கு அது கச்சிதம். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறையில் 50 மில்லி ரை, 20 மில்லி வெர்மூத், 1 டேஷ் பிட்டர்ஸ். இங்கே நாம் சொல்வது அதைவிடக் கொஞ்சம் தாராளமான பழைய இரண்டுக்கு ஒன்று: 50 மில்லி ரை, 25 மில்லி வெர்மூத், 2 டேஷ். அளவையின் இரு பக்கமும் ஒவ்வொரு முறை, கணக்கு முடிந்தது. டாட் அளவை இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் மூடியில் மில்லிக் கோடுகள் இருக்கும். நன்றாகக் கழுவி எடுங்கள், செர்ரி வாசம் போகவே போகாது.

கலக்கும் முறை

முதலில் குடிக்கும் கோப்பையை ஃபிரீசரில் வையுங்கள். 120 முதல் 150 மில்லி கொள்ளும் சின்னது போதும். பெரிய வைன் கிளாஸில் ஊற்றினால் அடியில் கொஞ்சம் கிடப்பதுபோல் தெரிந்து, அடுத்த முறை கை தானாக அதிகம் ஊற்றும்.

சொம்பில் பிட்டர்ஸ் 2 டேஷ், வெர்மூத் 25 மில்லி, ரை 50 மில்லி என்ற வரிசையில் ஊற்றுங்கள். விலை குறைந்ததை முதலில் ஊற்றுவதில் ஒரு லாபம்: கை தவறினால் கொட்டுவது பிட்டர்ஸ்தான், விஸ்கி தப்பிக்கும். ஐஸை இப்போது கடைசியாகப் போடுங்கள். ஐஸ் போட்டுவிட்டு மூடியைத் தேடிக்கொண்டிருந்தால் கரைதல் உங்களுக்காகக் காத்திருக்காது.

கரண்டியின் முதுகுப்பக்கம் சொம்பின் உட்சுவரை ஒட்டியே இருக்கட்டும். ஐஸ் மொத்தமும் ஒரே கட்டாகச் சுற்ற வேண்டும்; டக்டக்கென்று மோதும் சத்தம் வந்தால் வேகம் அதிகம் அல்லது ஐஸ் குறைவு. விநாடிக்கு இரண்டு சுற்று என்ற கணக்கில் 30 விநாடி.

எங்கே நிறுத்துவது? பாத்திரத்தின் வெளிப்பக்கம் பனி படர்ந்ததும் நிறுத்து என்று குளிர்நாட்டுச் செய்முறைகளில் பார்க்கலாம். டர்பனில் அதை நம்பாதீர்கள். ஜனவரி ஈரக்காற்றில் ஐஸ் விழுந்த ஐந்தாவது விநாடியிலேயே சொம்பு வியர்த்து மேசையில் வளையம் போட்டுவிடும், உள்ளே பானம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே. கடிகாரத்தையும் நாக்கையும் நம்புங்கள். 20 விநாடியில் கரண்டி நுனியில் ஒரு சொட்டு, 30இல் ஒரு சொட்டு என்று சுவைத்துப் பாருங்கள். முதல் சொட்டில் ஸ்பிரிட்டின் சுரீர் மூக்குக்கு ஏறும். இரண்டாவதில் அது அடங்கி, வெர்மூத்தின் மூலிகை வாசம் முன்னால் வரும். அங்கே நிறுத்துங்கள்.

முதல் சில கோப்பைகளுக்குச் சமையலறைத் தராசு நல்ல ஆசான். வெறும் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வடிகட்டி ஊற்றுங்கள். சொம்பில் போனது சுமார் 73 கிராம். கோப்பைக்கு வருவது 90 முதல் 95 கிராமுக்குள் இருந்தால் சரி. 85க்குக் கீழே என்றால் இன்னும் பத்து விநாடி கலக்கியிருக்கலாம். 100ஐத் தாண்டினால் ஐஸ் ஈரம், அல்லது நீங்கள் யாரிடமோ பேசிக்கொண்டே கலக்கினீர்கள்.

இந்த எண் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப நகரும். டர்பன் கோடையில் 28 டிகிரியில் நின்ற விஸ்கியைக் குளிர்விக்க அதிக ஐஸ் கரைய வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் ஜூலைக் குளிர்கால இரவில், சூடேற்றாத அறையில் அதே விஸ்கி 14 டிகிரியில் நிற்கும். கரைவது கணிசமாகக் குறையும். அங்கே 40 விநாடி கலக்குங்கள், அல்லது ஒரு டீஸ்பூன் குளிர்ந்த நீரை நேராகவே சேருங்கள். ரை பாட்டிலை ஃபிரீசரில் வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே மருந்துதான். ஃபிரீசர் விஸ்கி ஐஸைக் கரைக்காது. பானம் பல் கூசும் அளவு குளிர்ந்திருந்தும் எரியும். ரையை வெளியே வையுங்கள், வெர்மூத்தை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

குலுக்கலாமா? இதில் எலுமிச்சையோ பாலோ முட்டையோ இல்லை, ஆகவே வேண்டாம். குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துகளும் சேர்ந்து பானம் கலங்கி, மேலே பழுப்பு நுரை கட்டும். விஷமில்லை, ஆனால் வெர்மூத்தின் வழவழப்பு போய்விடும்.

மேலே என்ன போடுவது

கடையில் கேக்குக்கு விற்கும் பளீர்ச் சிவப்புச் செர்ரி வெறும் சர்க்கரைப் பாகு. அடியில் அது கரைந்து கடைசி மடக்கைத் திகட்ட வைக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் அலசிப் போடுங்கள். அதைவிட ஆரஞ்சுத் தோல் மேல். பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி மெழுகைப் போக்கி, பீலரால் ஒரு விரல் நீளத்துக்கு, அழுத்தாமல் சீவுங்கள். உள்பக்கம் வெள்ளை தடித்திருந்தால் கத்தியால் வழித்தெடுங்கள், கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. நிறமுள்ள பக்கம் பானத்தைப் பார்க்குமாறு பிடித்து, இரு விரலால் மடக்கிப் பிழியுங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் நுண்ணிய தூறல் பாய்வது தெரியும். பானத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்கும். தூறல் வரவில்லையென்றால் தோல் காய்ந்தது, வேறு பழம் எடுங்கள். குளிர்காலத்தில் கிடைக்கும் நார்ட்ஜி என்ற சின்ன ஆரஞ்சின் தோலும் மணமானது, ஆனால் மெல்லியது. பீலர் வேண்டாம், கையால் உரித்த துண்டே போதும்.

சரியாக வராதபோது

திகட்டுகிறது என்றால் வெர்மூத்தை 20 ஆக்குங்கள். அதற்கும் முன் விஸ்கி உண்மையில் ரைதானா என்று லேபிளைப் பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் வெர்மூத் முடிந்தது, அதைச் சரிசெய்ய வழியில்லை. கசப்பு நாக்கின் பின்னால் தங்கினால் பிட்டர்ஸ் கூடிவிட்டது அல்லது தோலில் வெள்ளை இருந்தது. முதல் மடக்கு நன்றாக இருந்து கடைசி மடக்கு மோசமென்றால் கோப்பை குளிரவில்லை, அல்லது நீங்கள் மெதுவாகக் குடிப்பவர். அப்படியானால் டம்ளரில் ஒரே பெரிய ஐஸ்கட்டி மேல் ஊற்றிக்கொள்ளுங்கள். அப்போது சொம்பில் 20 விநாடி மட்டும் கலக்குங்கள்.

புளிப்பு விரும்புபவர்களுக்கு

வெர்மூத்தே பிடிக்காதவர்களுக்கு அதே ரையில் சவர் என்ற புளிப்புப் பானம் செய்யலாம்: ரை 50 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு 20. நுரை வேண்டுமென்றால் முட்டை வெள்ளை 20 மில்லி. முட்டை சேராத வீட்டில் உப்புப் போடாமல் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைப் பாதியாகச் சுண்டவிட்டு ஆறியதும் அதே அளவு ஊற்றுங்கள். நுரை நன்றாகவே நிற்கும், கடலை வாசம் எலுமிச்சையில் மறைந்துவிடும். மூடி இறுகும் ஜாடியில் முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி, பிறகு ஐஸ் போட்டு 12 விநாடி குலுக்கி வடிகட்டுங்கள்.

பிராய் (கரியில் இறைச்சி சுடும் விருந்து) நாளுக்கு ஒரு பாட்டில்

கரி மூட்டிக்கொண்டிருக்கும்போது ஏழு பேருக்குத் தனித்தனியாகக் கலக்க முடியாது. சுத்தமான 750 மில்லி பாட்டிலில் ரை 350 மில்லி, வெர்மூத் 175, பிட்டர்ஸ் 2 டீஸ்பூன், தண்ணீர் 120 ஊற்றிக் கவிழ்த்துக் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். தண்ணீரை ஏற்கெனவே சேர்த்துவிட்டதால் பரிமாறும்போது ஐஸில் கலக்க வேண்டாம். குளிர்ந்த கோப்பையில் 90 மில்லி ஊற்றித் தோலைப் பிழிந்தால் போதும். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன் ஃபிரீசருக்கு மாற்றலாம். ராத்திரி முழுதும் அங்கேயே விட்டால் தண்ணீர் சேர்ந்த இந்தக் கலவை கூழாக உறைந்து ஊற்ற வராது. அப்படி ஆகிவிட்டால் ஃபிரிட்ஜில் இறக்கி முழுதும் உருகும்வரை காத்திருங்கள். பாதி உருகும்போது ஊற்றினால் முதல் கோப்பைக்குச் சாராயமும் கடைசிக் கோப்பைக்குத் தண்ணீரும் போகும்.

சாப்பாட்டுக்கு முன் பரிமாறுங்கள், சேவ் நட்ஸோடு. ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சௌவும் காரமான ஆட்டுக்கறியும் மேசைக்கு வந்தபின் இதைக் குடித்தால் மிளகாயின் எரிச்சலை மது இன்னும் கூட்டும், வெர்மூத் இருப்பதே தெரியாது.

ஒரு கோப்பையில் இருக்கும் மது 43 சதவீத விஸ்கியின் இரண்டேகால் டாட்டுக்கும் கொஞ்சம் மேல். வழவழப்பாக இறங்குவதால் விருந்தாளிக்கு அது தெரியாது, ஊற்றும்போதே சொல்லிவிடுங்கள். வண்டி ஓட்டுபவருக்கு இங்கே ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் வரம்பு, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. வண்டிச் சாவி வைத்திருப்பவருக்கு அதே அங்கோஸ்டுராவில் ராக் ஷாண்டி கலந்து கொடுங்கள். பிட்டர்ஸிலும் மது உண்டு என்பதால் அதில் இரண்டு மூன்று சொட்டோடு நிறுத்துங்கள்.